மூச்சு மாயையன்று



சென்ற வியாழக்கிழமை மாலை எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நல்லடக்க ஆராதனையை நடத்தினேன். இறந்தவர் 66 வயதான வாழை விவசாயி. முந்தின நாள் விடியற்காலையில் தோட்டத்திற்குப் புறப்பட்டவர், சற்று மூச்சு வாங்குகிறது என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மனைவி காப்பியோடு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இத்தகைய வேளைகளில் பேசுவதற்கென்றே என்னிடம் ஒரு செய்தி உண்டு. பல ஆண்டு ஊழியத்தில் அது ஆற்றுக் கூழாங்கல்லைப்போல வழுவழுப்பாகிவிட்டது. பிரசங்கியின் புத்தகத்தை எடுத்து, மனுஷ வாழ்வு மாயை என்று தொடங்குவேன். பிறகு 90-ஆம் சங்கீதத்திலிருந்து எழுபது எண்பது ஆண்டுக் கணக்கைச் சொல்வேன். பொழுது சாய்ந்திருந்தால் வானத்தைக் காட்டி, நாம் காணும் நட்சத்திரங்களில் பல என்றோ அணைந்துபோனவை என்பேன். இறுதியில், பரலோகத்தில் ஒருவரையொருவர் மறுபடியும் காண்போம் என்று ஆறுதல் கூறி முடிப்பேன். அன்றும் அப்படியே முடித்தேன். குழியில் மண் போடப்பட்டது, கூட்டம் கலைந்தது.

சுற்றுச்சுவரை ஒட்டிய வேப்பமரத்தடியில் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். இறந்தவருடைய உடன்பிறந்த அண்ணன். ஒரு பொதுக் கிணற்றின் தண்ணீர் முறையைப் பற்றிய தகராறில் அண்ணனும் தம்பியும் 19 ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு வீடுகளும் எதிரெதிரே. ஒரே ஆலயத்திற்கு வருவார்கள். ஒருவர் வடக்கு வாசல் வழியாக, மற்றவர் தெற்கு வாசல் வழியாக. நான் அருகில் சென்றதும் அவர் கேட்டார்:

“பரலோகத்துல பாத்துக்கிடலாம்னு சொன்னீக ஐயா. பத்தொம்பது வருசமா எதிர்த்த வீட்டுல இருந்தவன இங்க பாக்காம, அங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பாக்க?”

என்னிடம் பதில் இல்லை. அவர் தோளைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இந்த வாரத் தியானம் அந்தக் கேள்வியின் கீழ் எழுதப்படுகிறது. என் பழைய செய்தியை எடுத்து, அதன் ஒவ்வொரு பகுதியையும் உங்கள் முன்னிலையிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன்.

நட்சத்திரங்களைப் பற்றி நான் சொன்னது, முதலாவது, உண்மையே அல்ல. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பே அவர் என்னைத் தனியே அழைத்துத் திருத்தினார். நானோ அந்த வாக்கியத்தின் அழகை விடமுடியாமல் தொடர்ந்து பயன்படுத்தி வந்தேன். (பிரசங்கியாருக்கு வரும் சோதனைகளுள் இதுவும் ஒன்று.) நல்லடக்கம் முடிந்து நான் நடந்து வந்த அந்த இரவில், மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கிழக்கே பாதி உயரத்தில் கார்த்திகைக் கூட்டம். யோபின் புத்தகத்தில் அறுமீன் என்று நாம் வாசிப்பது அதுதான். அதற்குக் கீழே, பனைகளின் தலைக்குமேல் மிருகசீரிஷம். அறுமீனின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் ஆகின்றன. அந்த நட்சத்திரங்களின் வயதோ ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். அந்த வயதை நமது எழுபது ஆண்டுகளாகச் சுருக்கினால், ஒளி பயணம் செய்த 440 ஆண்டுகள் மூன்று மணி நேரத்திற்கும் குறைவு. மூன்று மணி நேரத்தில் அவை எங்கே போய்விடும்? அவை அங்கேயே இருக்கின்றன. வெறும் கண்ணால் நாம் காணும் நட்சத்திரங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வானம் நமக்கு மரணத்தைப் போதிக்கிறது என்று சொல்வதற்காக, இல்லாத சாவை நான் நட்சத்திரங்கள்மேல் ஏற்றியிருந்தேன்.

அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்ட காலத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பாருங்கள். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அதைத் தமிழில் ஆக்கியவர், முத்துக்குளித்துறை மக்களிடையே பணிசெய்த அண்டிரிக் அடிகளார். நம் கரையோர மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தமிழ் கற்றவர் அவர். 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அந்நாட்களிலும் இந்தக் கரையில் கிணறுகளும் வரப்புகளும் இருந்திருக்கும். அவற்றுக்காகப் பேசாமல் செத்த அண்ணன் தம்பிகளும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று இன்று எவருக்கும் தெரியாது. அறுமீன் அன்றும் இதே இடத்தில் நின்றது.

இனி மாயைக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேசவேண்டும்.

பிரசங்கியின் புத்தகத்தில் நாம் ‘மாயை’ என்று வாசிக்குமிடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் ‘ஹெவெல்’. அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் 38 முறை வருகிறது. அதன் நேர்ப்பொருள் ஆவி, மூச்சுக்காற்று. மார்கழி விடியலில் வாய் திறந்தால் புகைபோல வெளிவந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துபோகிறதே, அதுதான் ஹெவெல். பழைய கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதை வீண், வெறுமை என்னும் பொருளில் பெயர்த்தார்கள். நம் முன்னோர் தமிழில் ‘மாயை’ என்றார்கள். நான் அவர்களைக் குறைகூறவில்லை. செவிக்கு அது கம்பீரமான சொல். ஆயினும் தமிழ் மண்ணில் மாயை என்ற சொல்லுக்கு அதற்கே உரிய நெடிய வரலாறு உண்டு. மாயை என்று கேட்டவுடன், கண்ணுக்குத் தோன்றுவது மெய்யன்று, கயிற்றைப் பாம்பென்று கண்ட மயக்கம்போன்றது என்றே நம் மனம் எடுத்துக்கொள்கிறது. மூச்சு அப்படியல்ல. அது குறுகியது, கைக்கு அகப்படாதது, ஆனால் பொய்யன்று. அந்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து இழுத்த கடைசி மூச்சு மயக்கமா? அவர் மனைவியிடம் போய் அப்படிச் சொல்லத் துணிவீர்களா? நான் ஏறத்தாழ அதையே சொல்லியிருக்கிறேன், வேதவசனத்தின் பெயரால்.

இன்னொன்றும் கவனியுங்கள். எபிரெயத்தில் இதே சொல் ஒரு மனிதனுக்குப் பெயராக வருகிறது. நாம் ஆபேல் என்று அழைப்பவன் மூலமொழியில் ஹெவெல்தான். வேதத்தில் முதலாவதாகச் செத்த மனிதனுடைய பெயர் ‘மூச்சு’! ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். காயீன் பேசுகிறான், வாதாடுகிறான், முறையிடுகிறான். பின்பு ஒரு பட்டணத்தையும் கட்டுகிறான். ஆபேல் அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பிள்ளைகள் இல்லை, கட்டிய வீடு இல்லை. செய்ததாகச் சொல்லப்படுவது ஆடு மேய்த்ததும், மந்தையில் நல்லதை எடுத்துக் காணிக்கையாகக் கொடுத்ததும்தான். அப்புறம் அண்ணன் கையால் வயல்வெளியில் சாவு. மூச்சைப்போல வந்து மூச்சைப்போலப் போன ஒருவன். ஆயினும் எபிரெயர் நிருபம் விசுவாசிகளின் பட்டியலை எழுதத் தொடங்கும்போது முதல் பெயராக எடுப்பது அவனைத்தான். மரித்தும் அவன் பேசுகிறான் என்கிறது. காயீன் கட்டிய பட்டணம் எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே பிரசங்கியின் புத்தகத்தை, எதுவும் பயனில்லை என்னும் சோர்வின் புத்தகமாக நான் இனி வாசிக்கப்போவதில்லை. அதே ஞானிதான் ஒன்பதாம் அதிகாரத்தில், கைக்குக் கிடைத்த வேலையை உள்ள பலமெல்லாம் கூட்டிச் செய்யச் சொல்கிறான்; அவன் காட்டும் காரணம், பாதாளத்தில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை என்பதே. வாழ்வு மயக்கமாயிருந்தால் அதில் செய்யும் நன்மையும் மயக்கமே. அதைச் செய்தால் என்ன, விட்டால் என்ன? வாழ்வு மூச்சாயிருந்தால், அடுத்த மூச்சு கையில் இல்லாதபடியால், இந்த மூச்சில் செய்வதே செய்தது.

நம் தமிழ்ச் சான்றோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். நாலடியாரின் அதிகார வரிசையைப் பாருங்கள்: செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்றும் வரிசையாக வந்து, நான்காவதாக நிற்பது அறன் வலியுறுத்தல். சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் அந்நூல், பொருளும் பருவமும் உடம்பும் போய்விடும் என்று சொன்ன வாயாலேயே, உடனே அறம் செய் என்கிறது. நிலையாமையைச் சொல்லிவிட்டு வெறும் பெருமூச்சோடு நிற்பது தமிழ் மரபும் அன்று.

அந்த நாலடியாரை ஆங்கிலத்தில் பெயர்த்து 1893-இல் வெளியிட்டவர் நமது சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி. யு. போப் ஐயர். திருவாசகத்தைப் பெயர்த்து வெளியிட்டது 1900-இல். அதன் முன்னுரையில் அவர் இட்ட தேதி, தமது எண்பதாம் பிறந்தநாள். பெலத்தின் மிகுதியால் எட்டுவது என்று 90-ஆம் சங்கீதம் கணக்கிடும் அதே எண்பது. தமிழ் பேசுவோர் அருகே இல்லாத ஆக்ஸ்போர்டில், பதின்ம வயதில் கற்கத் தொடங்கிய ஒரு மொழிக்காக, எண்பதில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கீதத்தையும் நான் அடக்க ஆராதனைகளில் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறேன். மோசேயின் பெயரால் தலைப்பிடப்பட்ட ஒரே சங்கீதம் அது. புல்லைச் சொல்கிறது, ஆயிரம் வருஷத்தைச் சொல்கிறது, நாட்களை எண்ணக் கற்பிக்கும்படி கேட்கிறது. நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். சங்கீதம் அங்கே முடிவதில்லை. கடைசி வசனத்தில் மோசே, தங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும்படி மன்றாடுகிறார். ஒருமுறை கேட்டுவிட்டு, அதே விண்ணப்பத்தை மறுபடியும் கேட்கிறார். வாக்குத்தத்த நாட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போகாமல் செத்தவர் அவர். அவருடைய கவலை, எத்தனை நாள் இருப்பேன் என்பதல்ல. கையால் செய்தது நிற்குமா என்பதே. புல்லைப்போல் உலர்ந்துபோகும் மனிதன் இதைக் கேட்கிறான் என்றால், அவன் தன் வாழ்வைப் பொய்யென்று எண்ணவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் எளிதாகவே வந்தது. இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன்.

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, இறந்துபோன அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தார். வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார். நெடுநேரம் மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் பேசிவிட்டு, புறப்படும்போது சொன்னார்: “அண்ணன்கிட்ட என்னியக் கூட்டிட்டுப் போங்க ஐயா. தனியாப் போனா கதவத் தொறக்க மாட்டாக.”

எங்கள் சபையில் அசனப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பந்தலும் அரிசிக் கணக்கும் என் தலையில் இருந்தன. பண்டிகை முடியட்டும், போவோம் என்றேன். சரி என்று தலையாட்டினார். பண்டிகை முடிந்தது, பிறகு அடைமழை, பிறகு கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி. ஆலயத்தில் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் என்னைக் கேட்டது. நான் அடுத்த வாரம் என்று கையசைத்தேன். ஆறு வாரங்கள்.

ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னதை நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறையுண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது அவர் கட்டளை. காணிக்கை காத்திருக்கலாம், சகோதரன் காத்திருக்கலாகாது. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். சகோதரனைக் காக்கவைத்துவிட்டுக் காணிக்கையின் பந்தலைக் கட்டினேன்.

வேதத்தில் வானம் பல இடங்களில் வருகிறது. எட்டாம் சங்கீதத்தில் சந்திரனும் நட்சத்திரங்களும் மனுஷனுடைய சிறுமையை உணர்த்துகின்றன. யோபின் புத்தகத்தில் அறுமீனும் மிருகசீரிஷமும் வாயடைக்கச் செய்கின்றன. ஆனால் கோபத்தைப் பற்றி எபேசு சபைக்கு எழுதும்போது பவுல் அந்தப் பெரிய வானத்தை அளவுகோலாக எடுக்கவில்லை. சூரியன் அஸ்தமிப்பதைத்தான் எடுக்கிறார். பகைக்கு அவர் கொடுக்கும் தவணை அன்றைய பொழுது சாயும்வரை. எங்கள் ஊரில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவே 19 ஆண்டுகளாக அது ஆறாயிரத்து எண்ணூறு முறைக்கும் மேல் இறங்கியிருக்கிறது. கடைசி நாற்பதுக்கு நானும் பொறுப்பாளி.

பரலோக நம்பிக்கையை நான் குறைத்துப் பேசுவதாகச் சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. அந்த நம்பிக்கை இல்லையேல் ஒரு குழியருகிலும் என்னால் நிற்க முடியாது. நான் சொல்வது இதுதான்: இங்கே செய்யாமல் விட்டதைக் கொண்டுபோய்ப் போட்டுவைக்கும் கிடங்காக நாம் பரலோகத்தை ஆக்கிவிட்டோம். மன்னிப்பா, அங்கே. நேரில் கண்டு பேசுவதா, அங்கே. கடனைத் திருப்புவதைக்கூட அங்கே தள்ளிவிட முடியுமானால் தள்ளியிருப்போம். துக்க வீட்டில் இந்த ஆறுதலைச் சொல்வது போதகருக்கு வசதி. ஏனெனில் அது ஒருவரையும் எதுவும் செய்யச் சொல்வதில்லை. ஆபேலைக் குறித்து ஆண்டவர் காயீனிடம் கேட்ட கேள்வி பரலோகத்தில் கேட்கப்பட்டதன்று. இந்த மண்ணின்மேல், இரத்தம் காயுமுன் கேட்கப்பட்டது.

உங்களுக்கும் ஒரு பெயர் இப்போது நினைவுக்கு வந்திருக்கும். அந்த மனிதர் எங்கே இருக்கிறார், எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொலைபேசியில் முடியுமா, நேரில்தான் போகவேண்டுமா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நியாயம் யார் பக்கம் என்ற விசாரணையை மட்டும் இன்றைக்கு ஒத்திவையுங்கள்.

சனிக்கிழமை பிற்பகலில் அந்த அண்ணனுடைய வீட்டுக்குப் போனேன். அக்டோபரில் தம்பி வந்ததையும், கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். தம்பி தன்னைத் தேடி வர நினைத்தான் என்பது அவருக்குத் தெரியாது. நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன், அவர் கேட்டதெல்லாம், “தார் கொண்டாந்தானா? நாட்டுப் பழமா?” என்பதுதான். நாட்டுப் பழம்தான் என்றேன்.

பிறகு எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். தம்பியின் மனைவி வாசலுக்கு வந்து, “உள்ள வாங்க அத்தான்” என்றார். அவர் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்தார். தம்பி உட்கார்ந்திருந்த திண்ணையைப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் கிணற்று மோட்டாரைத் தம்பி வாழைக்குத் திருப்பிவிட வருவதாகச் சொன்னார். வால்வு துருப்பிடித்திருக்கும், ஒரு ஆள் கூட வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்றேன். அப்போது மணி ஐந்தே கால்.